கருங்கோட்டை வாசலில் மாஸ்டர் மாரிச்செல்வம் புரிந்த பெரும்போர்

வாழ்க மாரிச்செல்வம்! அளவுநாடா என்னும் மஞ்சள் அரவத்தை மார்பில் தவழவிட்ட மாவீரன், பனியனின் கைக்குழி அரை விரற்கடை பிசகினும் பத்தடி தூரத்திலிருந்தே கண்டு பெருமூச்செறியும் பருந்துவிழியன், விருதுநகர்ச் சீமையிலிருந்து ஒற்றைப் பையோடு திருப்பூர் வந்திறங்கி, மங்கலம் சாலைக் கம்பெனி ஒன்றின் பேட்டர்ன் அறையில், துணி வெட்டுவதற்கான வடிவங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து ‘மாஸ்டர்’ என்னும் பட்டம் பெற்றோன், அவன் வாழ்க! அவன் அமர்ந்த சுழல்நாற்காலி வாழ்க, அதில் சுழல மறுக்கும் ஒரு சக்கரமும் வாழ்க! அவ்வறையின் மூலையில் பஞ்சுத்துகள் போர்த்துக் கிடந்த பழைய கம்ப்யூட்டரும் வாழ்க என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அது வாழ்வதா, காயலான் கடைக்குப் போவதா என்பதே இவ்வரலாறு ஆகையால், அவ்வாழ்த்தைச் சற்று நிறுத்திவைப்போம்.

அப்பழம்பெட்டியின் வயிற்றுக்குள் இருந்தது ‘கருங்கோட்டை’ என்னும் ஆட்டம். ஆடுபவன் ஒரு வீரனுக்குப் பெயர் சூட்டி, அவனாகவே வேடமேற்று, ஊர் ஊராய் அலைந்து, பேய் வெட்டி, பிசாசு வெட்டி, மருந்துக் குப்பி பொறுக்கி, படிப்படியாய் வலிமையேற்றி, முடிவில் கோட்டைக்குள் உறங்கும் நெருப்புநாகத்தைக் கொல்ல வேண்டும். நான்கு ஆங்கில எழுத்துக்கு மேல் பெயரை ஏற்காத கஞ்சத்தனமுடைய ஆட்டம் அது. ஆதலின் மாரிச்செல்வம் அங்கே வெறும் ‘மாரி’ ஆனான். ஆறேழு பழுப்புக் கட்டங்களை அடுக்கினால் அதுதான் மாரி. கட்டங்களில் எது தலை, எது வாள் என்பதை அவனைத் தவிர வேறெவரும் அறியார்.

இந்த மாரி, கோட்டையின் கடைசிக் கதவின் முன் வந்து நின்று ஆண்டுகள் பல உருண்டோடின. கதவைத் திறந்தால் நாகம். நாகம் செத்தால் ஆட்டம் முடிந்தது. முடிந்தபின் சாப்பாட்டு மணியில் என்ன செய்வது? இந்த வினாவுக்கு விடை கிடைக்காமையால் நம் வீரன் கதவைத் தொடவில்லை. “இன்னுங் கொஞ்சம் மருந்து சேக்கணும்ப்பா, நாகம்னா சும்மாவா” என்று கேட்டவர்க்கெல்லாம் உரைத்துக்கொண்டு, நாள்தோறும் அதே காட்டுக்குத் திரும்பிப் போய் அதே பேய்களை வெட்டி அதே குப்பிகளைச் சுமந்து வந்தான். அஞ்சினான் என்று எவரும் கூறற்க. ஆயத்தத்தில் இருந்தான்.

இங்ஙனம் அமைதி தவழ்ந்த அவ்வறைக்குள், உடுமலைக் காற்றாலைகள் ஒருசேரச் சுழன்றாற்போல் கைகளை வீசியபடி புகுந்தான் பொங்கலூர் பிரதீப்! வெளிநாட்டு ஆர்டர்களை ஏற்று நடத்தும் மெர்ச்சண்டைசர். இஸ்திரி மடிப்புக் கலையாச் சட்டையன். குண்டலமெனக் காதில் வெண்ணிற இயர்போன் பூண்ட கர்ணன். அவன் தோளில் லேப்டாப். லேப்டாப்பில், அந்தோ, அதே கருங்கோட்டை! இக்காலத் தொழில்நுட்பம் கொண்டு அடிமுதல் முடிவரை புதிதாய்ச் செய்து வெளியிட்ட கருங்கோட்டை! கட்டங்கள் இல்லை. நாகத்தின் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியே மினுங்கியது. குதிரையின் பிடரிமயிர் காற்றில் அலைந்தது. மழை பெய்தால் வீரனின் மீசை நனைந்தது.

“பாருங்க மாஸ்டர், மீசையில சொட்டுது பாருங்க!” என்றான் பிரதீப்.

“மீசை எதுக்குப்பா? நாகத்த மீசையாலயா வெட்டப் போற?” என்றான் மாரிச்செல்வம். சொல்லிவிட்டுத் தன் மீசையைத் தடவிக்கொண்டான்.

இவ்விருவர்க்கும் நடுவே இடியென இறங்கியது மேனேஜர் சிவராஜின் ஆணை. பழைய கம்ப்யூட்டர் அமர்ந்திருந்த மூலைமேசை அவருக்கு வேண்டும். புது பிரிண்டர் வரப்போகிறது. “ஒரு ரூமுக்கு ஒரு கேம் போதுமுங்க. ரண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கோங்க. புதுசே நல்லா இருக்குதுன்னா அந்தப் பழைய பொட்டிய இன்னைக்கே காயலான் கடைக்கு ஏத்திருவேன்.” இவ்வாறு திருவாய் மலர்ந்து அவர் அகன்றார். மாரிச்செல்வத்தின் நெஞ்சம், கட்டிங் மேசையில் கத்திக்குக் காத்திருக்கும் துணியடுக்கெனப் படபடத்தது. அப்பழைய ஆட்டம் அந்தப் பழைய பெட்டியில் மட்டுமே ஓடும். பெட்டி போனால் மாரி போவான், அவன் சுமந்த குப்பிகள் அத்தனையும் போகும்.

சொற்போர் மூண்டது. பக்கத்து ஹாலில் ஓவர்லாக் தையல் மிஷின்கள் போர்முரசெனக் குமுற, “பழைய பொக்கிஷத்தை இந்தக் காலத்துப் பசங்களும் ஆட வேண்டாங்களா? கட்டங்கட்டமா இருந்தா எவனுங்க தொடுவான்?” என்று பிரதீப் முழங்கினான். “கட்டத்துக்குள்ள நாகத்த நீயா நெனச்சுப் பாக்கணும், அதுலதான்யா பயமே இருக்கு. எல்லாத்தையும் அவனே வரஞ்சு குடுத்துட்டா நீ எதுக்கு, நாற்காலி எதுக்கு?” என்று மாரிச்செல்வம் எதிர்முழங்கினான். பிரதீப் அப்போது, தான் ஏவப்போவது தன்மேலேயே திரும்பும் என்றறியாது, ஓர் அஸ்திரத்தை எடுத்தான்.

“மாஸ்டர், இது ரிப்பீட் ஆர்டராட்டம்தானுங்க. அதே பேட்டர்னு, துணி மட்டும் நல்ல துணி. அவ்வளவுதானுங்க.”

மாரிச்செல்வத்தின் விழிகள் ஒளிர்ந்தன. “ரிப்பீட் ஆர்டரா? அப்படி வா வழிக்கு. ரிப்பீட் ஆர்டர்னா பழைய சாம்பிளோட வச்சுப் பாத்து, செக்கிங்குல பாஸ் ஆகணும்லா? கூப்புடு கோமளாக்காவ!”

கேளுங்கள், இனி வருவது கோமளாவின் புகழ். செக்கிங் பகுதியின் தலைவி. அரைத்தையல் விட்டதற்காக ஒரு வண்டிச் சரக்கையே திருப்பியனுப்பிய அஞ்சாநெஞ்சி. துணியில் எங்கே ஓட்டையோ, எங்கே கறையோ, அவ்விடம் நோக்கிச் சிவப்புக் காகித அம்பு ஒன்றை ஒட்டுவது செக்கிங்காரரின் தொழில்மரபு. அம்பு ஒட்டிய துணி கப்பல் ஏறாது. ஒரு கையில் அம்பு ஸ்டிக்கர்ச் சுருள், இடுப்பில் கறை நீக்கும் மருந்துத் துப்பாக்கி, மறுகையில் டிபன் டப்பா என முத்தொழில் ஆயுதங்களோடு அவள் எழுந்தருளினாள். அறையில் ஏசிக் குளிர் அதிகம் என்பதால் டப்பாவைப் பழைய கம்ப்யூட்டரின் சூடான முதுகின்மேல் வைத்தாள். அது அவள் அன்றாட வழக்கம். ஆகவே எவரும் கவனிக்கவில்லை.

“சோறு திங்கற நேரத்துல என்னுங்க மாஸ்டர்? கம்ப்யூட்டரெல்லாம் எனக்கு ஆகாதுங்க.”

“துணின்னு நெனச்சுப் பாருங்கக்கா. குத்தம் இருந்தா சொல்லுங்க, போதும்.”

முதலில் புதியதை நோக்கினாள். ஒரே நோக்கு! புதிய ஆட்டத்தில், ஆடுபவன் வழிதவறிவிடக் கூடாதே என்று அதைச் செய்தவர்கள் ஒரு கருணை புரிந்திருந்தனர். பேச வேண்டிய ஆளின் தலைக்கு மேல் ஒரு சிவப்பு அம்பு மிதக்கும். போக வேண்டிய பாதையில் ஓர் அம்பு. திறக்க வேண்டிய பெட்டிக்கு ஓர் அம்பு. விரட்டிப் பிடிக்க வேண்டிய கோழி ஒன்றின் மேலும் ஓர் அம்பு.

கோமளாவின் முகம் சிவந்தது. “ஏங்கண்ணு, முன்னாலயே ஆரோ செக் பண்ணிப் போட்டாங்களே! ஆளுக்கொரு அம்பு ஒட்டியிருக்குது. ரோட்டுல அம்பு. கோழி மேல கூட அம்பு. இத்தன டேமேஜு இருக்கற பீஸ எந்த தைரியத்துல என்ற முன்னால கொண்டாந்தே?”

“அய்யோ அக்கா, அது வழி காட்டறதுங்க்கா!”

“தப்புக்கு வழி காட்டறதுதானுங்கண்ணு அம்பு. எனக்கே பாடஞ் சொல்றியா? ரிஜெக்ட்டு!”

மங்கலத்துத் தறிகளெல்லாம் ஒரே நொடியில் ஓடத் தொடங்கினாற்போல் ஆரவாரம் எழுந்தது. சாப்பிட வந்த தையல்காரர்கள் அதற்குள் வாசலை அடைத்து நின்றிருந்தனர். மாரிச்செல்வம் வெற்றிச்சங்கு ஊத வாயெடுத்தான். அவ்வேளையில், ஐயகோ, கோமளா பழைய கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பினாள்.

“இதுல தையலே காணமுங்களே. செக்டு துணியாட்ட இருக்குது. சரி, கட்டம் நேராத்தான் ஓடியிருக்குது.” திரையை விரலால் தடவிக்கொண்டே வந்தவள் கோட்டையின் கடைசிக் கதவருகே விரலை நிறுத்தினாள். கண்ணைச் சுருக்கினாள். சுருளிலிருந்து அம்பு ஒன்றைக் கிழித்துத் திரையின் மேல் பட்டென ஒட்டினாள். “எண்ணெய்க் கறை.”

“அக்கா! அது கறையில்லக்கா! அது நானு!”

அபயக்குரல் அறையை அதிரவைத்தது. ஆனால் குற்றம் கண்டதும் எல்லோரும் ஏதேனும் ஒன்று சொல்லிக் கெஞ்சுவதைக் கேட்டுக் கேட்டுக் காய்ப்பேறிய செவிகள் கோமளாவின் செவிகள். “மெசின் எண்ணெய்தானுங்க மாஸ்டர், பயப்படாதீங்க. ரண்டு அடி அடிச்சாப் போயிரும்” என்று இரக்கத்தோடு கூறி, இடுப்பின் மருந்துத் துப்பாக்கியை உருவி, மாரியின் நெற்றிப்பொட்டை, அல்லது நெற்றியாக இருக்கக்கூடிய கட்டத்தை, குறிபார்த்தாள்.

என் செய்வான் வீரன்? எத்தனை பேய்க்கும் அஞ்சாது எத்தனையோ காடு கடந்தவன், கறைமருந்துக்கு இரையாவதா? மாரிச்செல்வம் புலியெனப் பாய்ந்தான். சுழலாத சக்கரம் தரையைக் கீறி ஓலமிட, கீபோர்டின் மேல் விழுந்து கைக்குக் கிடைத்த விசையை அழுத்தினான். மாரி இடப்பக்கம் நகர்ந்தான். துப்பாக்கி தொடர்ந்தது. “அட, கறை ஓடுதுங்கோ!” என்றலறினாள் கோமளா. மாரி வலப்பக்கம் ஓடினான். துப்பாக்கி அங்கும் வந்தது. ஒதுங்க ஒரே இடம்தான் மீதி. முன்னால், கதவு. ஆண்டாண்டாய்த் தொடாத கதவு. கண்ணை மூடிக்கொண்டு மாரிச்செல்வம் முன்விசையை அழுத்தினான்.

கதவு திறந்தது.

உள்ளே பச்சைக் கட்டங்களால் ஆன நெருப்புநாகம் தலை தூக்கியது! வாசலில் நின்ற கூட்டம் மூச்சடக்கியது. கோமளாவின் துப்பாக்கி தாழ்ந்தது. யார் எக்கட்சி என்பது அக்கணத்தில் எவர்க்கும் மறந்துபோயிற்று. “மருந்தக் குடிங்க மாஸ்டர், மொதல்ல மருந்தக் குடிங்க!” என்று கூவியவன் பகைவனாகிய பிரதீப்பே. லேப்டாப்பைத் தரையில் வைத்துவிட்டு, மாஸ்டரின் நாற்காலிமுதுகைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தான். மாரிச்செல்வத்தின் விரல்கள் கீபோர்டில் அலைந்தன. மருந்தா, வாளா? மருந்தைத் தேடப்போன விரல் வாளின்மேல் விழுந்துவிட்டது.

ஒரே வெட்டு.

நாகம் செத்தது. குப்பி ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. தேவைக்கும் பன்மடங்கு வலிமையைச் சேர்த்துவைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றிருந்திருக்கிறான் மாவீரன்! திரையில் ஒரு வரி தோன்றியது: நாகம் இறந்தது, ஆடியமைக்கு நன்றி. பிறகு திரை கறுத்து, முதல்நாள் கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்டது. உன் பெயர் என்ன? கீழே நான்கு வெற்றுக் கோடுகள்.

கூட்டம் கைதட்டியது. மாரிச்செல்வம் தட்டவில்லை. பெயரைத் தொலைத்தவன்போல் அந்நான்கு கோடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். பிரதீப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“தம்பி,” என்றான் மாரிச்செல்வம் கடைசியில். “உன் புதுசுல அந்த அம்ப அமத்த வழி இருக்கா?”

“இருக்குதுங்க மாஸ்டர். செட்டிங்ஸ்ல இருக்குதுங்க.”

அம்புகள் அணைந்தன. கோழி சுதந்திரம் பெற்றது. கோமளா லேப்டாப்பை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, “இப்ப பாஸ் பண்ணலாமுங்க. ஆனா இத ரிப்பீட்டுன்னு சொல்லாதீங்க, இது வேற ஆர்டர்” என்று தீர்ப்பு வழங்கினாள். புதிய ஆட்டம் பெயருக்கு எல்லை வகுக்காமையால், மாரிச்செல்வம் தன் பெயரை முழுதாய் எழுதினான். எழுதி முடித்து நாலடி நடந்தான். வழி தெரியாமல் ஒரு கிணற்றுக்குள் விழுந்தான். ஏறி வந்து, நனைந்த மீசையோடு நாற்புறமும் பார்த்தான்.

“எங்க போகணும்னே தெரியலப்பா!” என்றான். இத்தனை மகிழ்ச்சியாக அவன் பேசி அவ்வறை கேட்டதில்லை.

அப்போதுதான் ஊழிக்காற்றென மீண்டும் உள்ளே வந்தார் சிவராஜ், கையில் இன்னும் திறக்காத டிபன் டப்பாவோடு. பின்னால் பழைய பெட்டியைத் தூக்க இரண்டு ஆட்கள். “புதுசுதான ஓடுது? அப்ப இத எடுத்துரலாமுங்களா?” மாரிச்செல்வம் எழுந்து, தன் உடலையே கேடயமாக்கி, இரு கைகளையும் விரித்துப் பழம்பெட்டியின் முன் நின்றான். ஆடி முடித்த ஆட்டத்துக்காக என்ன வாதாடுவது?

கோமளா அவனைச் சற்றே ஒதுக்கிவிட்டு, பெட்டியின் மேலிருந்த டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தாள். ஆவி பறந்தது. “ஏனுங்க சார், இந்த ஏசி ரூமுல சோறு சுடறது இது ஒண்ணாலதானுங்க. இதத் தூக்கிட்டா நாங்க எதும்மேல வெக்கறது? உங்க டப்பாவக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க.”

சிவராஜ் தன் டப்பாவைத் தொட்டுப் பார்த்தார், அது சில்லென்றிருந்தது, ஆட்களைப் போகச் சொல்லிவிட்டு அதைப் பழைய கம்ப்யூட்டர் மேல் வைத்தார்.