வீரபாண்டியின் தண்ணீர் வைத்தியம்

மெஸ்ஸின் குடிதண்ணீர் டிரம்மைத் திறந்த வீரபாண்டிக்குப் பகீரென்றது. ஐம்பது லிட்டரும் சிவப்பு. போதாக்குறைக்கு வெதுவெதுப்பு வேறு. என்ன ஊரோ, தண்ணீருக்குக்கூடக் காய்ச்சல் வருகிறது!

முந்தின நாள்தான் வள்ளியூரிலிருந்து எல்லை தாண்டி, மலையாளக்கரையான தம்பானூரில் வந்து இறங்கியவன். மத்தியானம் சாப்பிட வரும் முதலாளி ஸ்ரீகண்டன், முதல் நாள் லட்சணத்தைப் பார்த்துத்தான் அவனை சூப்பர்வைசராக வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று சொல்வார். கொட்டிவிட்டு வேறு பிடிக்கவும் வழியில்லை. ரோட்டில் குழாய் வேலை, சாயங்காலம் வரை தண்ணீர் வராது.

சமையல்காரி பிரேமா பின்கட்டில்தான் இருந்தாள். வேலையில் முதல் நாளே அவளிடம் போய் யோசனை கேட்டால் சூப்பர்வைசர் மரியாதை என்னாவது? ஊரில் தண்ணீர் பிளான்ட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை பிரவின்ராஜைப் போனில் பிடித்தான்.

"துரு எறங்கிருக்கு மாப்ள. என்ன போடட்டும்?"

"கலங்கலா, தெளிவா மச்சான்?"

"தெளிவுதான். ஆனா செவப்பு."

"அப்போ கரிதான். படிகாரம் கலங்கலத் திரட்டி அடியில உக்கார வைக்கும், அவ்வளவுதான். கரைஞ்ச நெறத்தக் கரிதான் இழுக்கும்."

கரிக்குக் கடை தேடிப் போகவேண்டும். படிகாரமோ அவனுடைய ஷேவிங் பையிலேயே இருந்தது. கழுவி, நுணுக்கிப் போட்டுக் கலக்கினான். தண்ணீர் ரத்தச் சிவப்பானது.

டீ குடிக்க வந்த ஆட்டோக்கார ஷிஜு அந்த நேரம் பார்த்து எட்டிப் பார்த்தான். "சேட்டா, கொறச்சு வெள்ளம் தா."

"தண்ணி இல்ல!" என்று மூடியைப் போட்டு அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான் வீரபாண்டி.

ஷிஜு போனதும் பழவங்காடிக்கு ஓடி, ஃபில்டர் கடையில் ரெண்டு கிலோ கரித்தூள் வாங்கிவந்து அப்படியே கொட்டினான். சிவப்பு போய்க் கறுப்பானது.

"கரியவா குடிக்கப் போறிய?" போனில் பிரவின்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "துணியில வச்சு வடிங்க மச்சான்!"

கையில் அகப்பட்ட துணி, முதலாளி முன்னால் கட்டுவதற்கென்று வைத்திருந்த புது வேட்டிதான். நாலாய் மடித்து, மூன்று முறை வடித்தான். வேட்டி அடுப்புத்துணியானது. தண்ணீர் பன்னிரண்டு மணிக்குப் பளிங்காகிவிட்டது. வீரபாண்டிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஸ்ரீகண்டன் வந்து உட்கார்ந்தார். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இதை எவன்யா குடிப்பான்?"

பக்கத்து மேஜையில் ஷிஜுவும் கிளாஸைத் தள்ளி வைத்தான். வீரபாண்டிக்கு அழுகை முட்டியது. "நல்லாப் பாருங்க முதலாளி, ஒரு துளி நெறம் இல்ல!"

சாம்பார் வாளியோடு வந்த பிரேமா டிரம்முக்குள் எட்டிப் பார்த்து அலறினாள்.

"யாரு இந்தப் பச்சத்தண்ணிய ஊத்துனது? வெடியக்காலம் எந்திரிச்சு, பதிமுகப் பட்டை போட்டுச் செவக்கச் செவக்க நான் காய்ச்சி வச்ச குடிதண்ணி எங்கண்ணே?"