விறகு வாங்குகிற நாட்டுக்கா பெண்ணைக் கொடுப்பது?

தென்காசி,
ஆடி 5, 1963

மதராசில் இருக்கும் அன்புள்ள அத்தான் சுந்தரபாண்டியன் அவர்களுக்கு, விறகுக்கடை குற்றாலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே தாங்களும், தங்களோடு இருக்கும் மாமாவும் சுகமாயிருக்கக் குற்றாலநாதரை வேண்டுகிறேன்.

உங்கள் மருமகள் செண்பகவல்லிக்கு இலத்தூர் வரன் கூடிவந்தது உங்களுக்குத் தெரியும். பையன் பால்வண்ணநாதன் காகித ஆலையில் எஞ்சினீயர். மூன்று வருஷப் பயிற்சிக்கு இங்கிலாந்து அல்லது ஜப்பான் போக வேண்டுமாம், இவளையும் கூட்டிப்போவானாம். “எந்த நாடுன்னு பொண்ணு வீட்டுலயே சொல்லட்டும், ஆடி பதினஞ்சுக்குள்ள சொல்லிருங்க” என்று அவன் அப்பா பெருந்தன்மையாகப் பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டுப் புறவாசலுக்குப் போய் விறகு அடுக்கைப் பார்ப்பது நம் வழக்கம். விறகுக்குக் கையேந்துகிற வீட்டில் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் நிற்பாள். மாமாவும் எங்கள் வீட்டு அடுக்கைச் சுற்றிவந்து பார்த்த பிறகுதானே உங்கள் தங்கை வடிவை எனக்குக் கொடுத்தார்? ஜப்பானுக்குப் போய்ப் புறவாசல் பார்க்க முடியுமா? அதனால்தான் அந்த நாடுகளில் மரம் உண்டா என்று உங்களைக் கேட்டேன். காகித ஆலைப் பையன்தானே என்று நீங்கள் துறைமுக ஆபீசிலிருந்து மரக்கூழ் இறக்குமதிப் புத்தகத்தை அனுப்பிவிட்டீர்கள். பிரித்துப் பார்த்தால் அத்தான், இரண்டு நாடுமே மரத்தைக் கூழாக்கிக் கப்பலில் வரவழைக்குது. செண்பகத்தை விட்டு 1951 முதல் பத்து வருஷ இறக்குமதிக் கணக்கைச் சிவப்பிலும் நீலத்திலும் கோடாகப் போடச் சொன்னேன். இங்கிலாந்துக் கோடு எடுத்த எடுப்பிலேயே உச்சாணிக்கொம்பில் நிற்கிறது. ஜப்பான் கோடு தரையில் கிடந்து வருஷாவருஷம் ஏறுகிறது. ஒன்று தலைமுறை தலைமுறையாக வாங்கியே எரிக்கிற வீடு, மற்றது இருந்ததையும் தீர்த்துவிட்டு இப்போது நொடித்துக்கொண்டிருக்கிற வீடு. இதில் எதைச் சொல்ல?

சரி, சம்பந்தியிடமே கேட்டுவிடலாம் என்று புத்தகத்தோடு குற்றாலம் போனேன். சாரலுக்கு வந்து தங்கியிருக்கிறார். அருவிக்கரையில் உடம்பெல்லாம் எண்ணெயோடு குப்புறப் படுத்திருந்தார், இசக்கி முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். “அண்ணாச்சி, உங்க பையன் போற நாட்டுல மரம் மட்டை உண்டுமா?” என்றேன். “இரைச்சல்ல ஒண்ணும் வெளங்கல, வாங்க, குளிச்சிக்கிட்டே பேசுவோம்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். சம்பந்தி கையை உதற முடியுமா? நான் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அருவியும் மேலேயிருந்துதான் விழுகிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வெளியே வந்தபோது ஜப்பான் முழுக்கக் கூழ். “அய்யா, இத இனிமே எந்த நாட்டுக்கு அனுப்பணும்?” என்று இசக்கி கேட்கிறான்.

தாய்மாமன் நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும். சம்பந்தத்தையே நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. மனசைத் திறந்து சொன்னால், மரம் கிடக்கட்டும் அத்தான். அங்கே அவள் கண்ணைக் கசக்கினால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாதே, அதுதான் எனக்குப் பயமாயிருக்கு.

மாமாவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
குற்றாலிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் செண்பகம் இதை வாங்கிப் படித்துவிட்டாள். “அப்பா, கூழு காயிதம் செய்யதுக்கு, அடுப்பெரிக்க இல்ல. வருசத்துக்கு வருசம் கூட வாங்குத நாட்டுலதான் ஆலை நல்லா ஓடுது” என்றாள். அதற்கும் நான் மசியவில்லை. அப்போது வடிவு அடுப்படியிலிருந்தே பேசினாள்: “நீங்க கடை வைக்கதுக்கு முந்தி எங்கய்யா பாத்த வெறகு அடுக்கு பக்கத்து வீட்டு வேல்சாமி அண்ணாச்சிக்குள்ளது. நான் வந்த மறுநாளே பிரிச்சுத் தூக்கிட்டுப் போனாவ. இருவத்திரெண்டு வருசமா நான் இங்கன நல்லா இருக்கலையா?” அவளுக்கு அது தெரியாதென்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஜப்பான் என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் செண்பகமே எழுதிவிட்டாள். ஆவணியில் முகூர்த்தம், முன்கூட்டியே வந்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அடுப்பில் போடவும். மாமா கண்ணில் பட்டுவிடக் கூடாது.