திறக்கக் கூடாத கரடி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற பல் டாக்டரும் தங்கள் சம்பந்தியுமான நான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தி அம்மாவும், கூடத்து சோபாவும், அதன் மேல் போட்ட பிளாஸ்டிக் உறையும் நலமாக இருக்க விரும்புகிறேன். கல்யாணப் பேச்சுக்கு வந்தபோது அந்த உறைமேல் உட்கார்ந்து, வழுக்கி வழுக்கி நான் சம்பந்தம் பேசியது மறக்கக்கூடியதா? வாங்கின பொருளை வாங்கின மாதிரியே வைத்திருப்பது எல்லாருக்கும் வராது. அது நிற்க.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் பிள்ளை, அதாவது எங்கள் வீட்டோடு இருக்கும் என் மாப்பிள்ளை, தங்கமான மனிதர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, குரலை உயர்த்தி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் ஸ்கேட்போர்டு இருக்கிறது. நாலு சக்கரம் வைத்த பலகைமேல் ஏறி நின்று வாலிபப் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டு போய்க் கையை ஒடித்துக்கொள்வார்களே, அதேதான். அந்தப் பலகையை வாங்கினாலும் பரவாயில்லை, ஒரு நாள் கையை ஒடித்துக்கொண்டு விட்டுவிடுவார். இவர் சேர்ப்பதெல்லாம் அந்தப் பலகை உருவத்தில் வந்த பழைய பொம்மைகளும் வேடிக்கைச் சாமான்களும். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கப் பயப்படுகிறவருக்கு இந்த ஆசை! ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி, எல்லாவற்றையும் மூட்டை கட்ட வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு ரப்பர்தான் வந்தது. பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர், ஸ்கேட்போர்டு வடிவத்தில். போனால் போகிறது என்று இருந்தேன். அப்புறம் பலகைமேல் நிற்கிற தகர பெங்குவின் வந்தது. அப்புறம் ஒரே பலகையில் ரெண்டு ஆடு, ஒன்றின் தலையிலிருந்து உப்பு கொட்டும், இன்னொன்றின் தலையிலிருந்து மிளகுத்தூள். எது எதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் பிடிபடலை, தினமும் தும்மல்தான். அப்புறம் டெலிபோன். மணி அடிச்சா அடியில சக்கரம் நாலும் சுத்தும், பச்சை விளக்கு எரியும், பலகையைத் தூக்கிக் காதுல வெச்சுக்கிட்டு ஹலோ சொல்லணும். என்கிட்ட பல் கட்டிக்கிட்ட ஒரு பெரியவர் நலம் விசாரிக்க வந்தவர், நான் பலகையோட சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்ததைப் பார்த்துட்டு வாசலோட திரும்பிப் போயிட்டார். பாவம், நல்ல டாக்டர், வேலையை விட்டதும் இப்படி ஆயிடுச்சேன்னு தெரு பூரா சொல்லி வருத்தப்பட்டாராம். சரி, என் வீட்டுக்காரியாவது என் பக்கம் நிப்பாள்னு பார்த்தா, அவ ஒரு பலகையைக் கேட்டு வாங்கி, சாப்பாட்டு மேஜையில பாத்திரத்தை அதுமேல வெச்சு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளிவிடுறா. எல்லாரையும் சுத்திட்டு என்கிட்ட வரும்போது பாத்திரம் காலி.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம் சம்பந்தி. பிரிக்காத பெட்டிகள் இருக்கே, அதைத்தான் என்னால தாங்க முடியலை. அலமாரி நிறைய பெட்டி, எதையும் திறக்கக் கூடாது. "திறந்தா மதிப்புப் போயிடும் மாமா"ங்கிறார். உள்ளே என்ன இருக்குன்னு பார்க்க வேணாமான்னு கேட்டா, "அதான் வெளியில படம் போட்டிருக்கே"ங்கிறார். அப்ப என் பொண்ணோட போட்டோவோட குடும்பம் நடத்தியிருக்கலாமே மாப்பிள்ளைன்னு கேட்டேன். சிரிச்சாரே தவிர, பெட்டியைத் திறக்கலை.

கடைசியா வந்தது கரடி. தலைக்கவசம் போட்ட கரடி, சாவி கொடுத்தா பலகைமேல ஓடுமாம். செஞ்ச நாள்லேருந்து யாரும் திறக்காத பெட்டி. கூடத்து அலமாரியில நடுநாயகமா வெச்சுட்டு, "மாமா, இதை மட்டும் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டு ஆபீஸ் போனார். தூசி தட்டலாமேன்னு எடுத்தேன். சத்தியமா தூசிக்குத்தான். உள்ளே கடகடன்னு ஒரு சத்தம். ஆடுற பல்லோட சத்தம் எனக்குத் தெரியாதா? காலமெல்லாம் "வாயைத் திற, வாயைத் திற"ன்னு சொல்லியே பிழைச்சவன்கிட்ட மூடின பெட்டியைக் கொடுத்தா அவன் என்ன பண்ணுவான்? பல் குடைகிற கம்பியால ஓரத்துப் பசையை நோகாம நெம்பினேன். உள்ளே பார்த்தா ஒரு சக்கரம் கழண்டு கிடக்கு. பல்லுக்கு வைக்கிற சிமென்ட் கொஞ்சம் மிச்சமிருந்தது, வெச்சு ஒட்டினேன். ஒட்டினவன் சும்மா இருந்தேனா, சாவியைக் கொடுத்தேன். மேஜைமேல விர்ருன்னு ஓடி, ஓரத்துல ஒரு குட்டிக்கரணம் அடிச்சு, தரையில நேரா நின்னுச்சு சம்பந்தி! என் வீட்டுக்காரி கை தட்டினா. நான் கிளினிக் திறந்த அன்னிக்குக்கூட அவ கை தட்டலை.

திரும்பப் பெட்டியில வெச்சு, ஒட்டி, அலமாரியில ஏத்திட்டேன். ராத்திரி சாப்பிடும்போது மூக்குக்கண்ணாடியை எடுக்கச் சட்டைப்பையில கையை விட்டேன். கண்ணாடியோட சாவியும் வந்து தட்டுல டங்குன்னு விழுந்தது. மாப்பிள்ளை சாவியைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், எழுந்து கையைக் கழுவிட்டுப் போயிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டிங்கிற கதைதான். மறுநாள் பொண்ணு வந்து, "அப்பா, அவர் தனி வீடு பார்க்கலாமாங்கிறார்"னா. அதுங்க ரெண்டும் போயிட்டா இந்த வீட்டுல என்ன இருக்கு? நானும் என் வீட்டுக்காரியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான். எத்தனை கத்தினாலும், சாயங்காலம் கதவு திறந்து "மாமா, இன்னிக்கு என்ன வந்திருக்கு தெரியுமா"ன்னு அந்தப் பிள்ளை உள்ளே வரலைன்னா எனக்குப் பொழுதே போகாது.

வெட்கத்தை விட்டுட்டுச் சாவியை எடுத்துக்கிட்டு அவர் முன்னால போய் நின்னேன். "மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, புத்தி கெட்டுப்போச்சு"ன்னேன். அவர் சாவியைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, மெதுவா, "ஓடுச்சா மாமா?"ன்னார்.

"ஓடுச்சாவா? குட்டிக்கரணமே அடிச்சுது."

"எங்கே, காட்டுங்க."

அவ்வளவுதான். ரெண்டு பேரும் தரையில உட்கார்ந்துட்டோம். கரடி ஓட ஓட அவர் சிரிக்கிறார், சிரிக்கச் சிரிக்கக் கண்ணு கலங்குது. என்ன மாப்பிள்ளைன்னா, "ஒண்ணுமில்ல மாமா"ங்கிறார். அதுக்கப்புறம் ஒவ்வொரு பெட்டியா அவரே திறந்தார். இப்ப தினமும் சாயங்காலம் ஓடாத ஒரு பொம்மைத் தவளையோ குரங்கோ எடுத்துட்டு வந்து, "அடுத்த பேஷண்ட் மாமா"ன்னு நீட்டுறார். பரண்மேல கிடந்த கிளினிக் விளக்கை இறக்கிட்டேன். தனி வீட்டுப் பேச்சு போன இடம் தெரியலை. என்ன சொல்ல வந்தேன்? ஆங், தாங்கள் வந்து இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்ட வேண்டும்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வீட்டுக்காரியின் அன்பு. பிள்ளைகள் இருவருக்கும் தங்கள் ஆசி என்றும் வேண்டும். தாங்களும் நோயில்லாமல், நொடியில்லாமல், முப்பத்திரண்டு பல்லோடும் நீடு வாழ்க. இரண்டு வேளையும் தேய்க்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன், அன்றைக்கு ஏன் கண் கலங்கியது என்று மாப்பிள்ளையை மறுபடி கேட்டேன். சின்ன வயதில் இதே மாதிரி ஒரு கரடியை நீங்கள் வாங்கி வந்தீர்களாமே? விளையாடினால் கெட்டுவிடும், பெரியவனானதும் தருகிறேன் என்று பெட்டியோடு பீரோ மேல் வைத்தீர்களாமே? அவர் பெரியவர் ஆகிவிட்டார், சம்பந்தி. பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கும், உங்களை எனக்குத் தெரியும். நாலு நல்ல வார்த்தையெல்லாம் வேண்டாம், அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். பிள்ளை முன்னால் உங்கள் கையாலேயே திறக்க வேண்டும். ஓடாதோ என்று பயப்படாதீர்கள், டாக்டர் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.