நூறு விழுக்காடு வளர்ந்த பிரிவு

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது பெரிய காரியம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு சக்கரத்துக்கு எத்தனை மனுக்கள் வந்தன, முந்தைய ஆண்டைவிட எத்தனை விழுக்காடு அதிகம் என்று யாராவது குறித்து வைத்தார்களா? இல்லை. குறித்து வைக்க அன்று எங்கள் வாரியம் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் உச்சி மாடியில் இயங்கும் தேசியப் புத்தாக்கக் கணக்கெடுப்பு வாரியத்தில், வேலாயுதம் ஆகிய நான், ஜவுளி மற்றும் காகித இயந்திரப் பிரிவின் தலைவன். நாட்டில் யார் எதைக் கண்டுபிடித்துக் காப்புரிமைக்கு மனு செய்தாலும் அதைத் தொழில்நுட்பத் துறைவாரியாகப் பிரித்து, எண்ணி, வண்ணத் தூண்களாக வரைந்து ஆண்டறிக்கையில் வெளியிடுவோம். கணினிப் பிரிவின் தூண் சிவப்பு. பக்கத்தை விட்டே வெளியே எட்டிப் பார்க்கும். என் பிரிவின் தூண் பச்சை. சென்ற ஆண்டுவரை சேர்ந்த மனு மொத்தமே ஒன்று. மை சிந்திவிட்டது என்று நினைத்து அச்சகத்துக்காரர் அந்தத் தூணை அழித்துவிட்டார்.

இந்த நிலையில்தான் எங்கள் தலைமை இயக்குநர் டத்தோ நசீருதீன் அவசரக் கூட்டம் கூட்டினார். இவ்வாண்டு ‘மிகுந்த வளர்ச்சி’ காணும் பிரிவுக்கு விருது என்று அறிவித்தார்.

“கம்ப்யூட்டர் எவ்ளோ?”

“நாலு விழுக்காடு டத்தோ,” என்றார் கணினிப் பிரிவின் மலர்விழி, விருதை வீட்டில் எங்கே வைப்பது என்று தீர்மானித்துவிட்டவரைப் போல.

நான் எழுந்தேன். “டத்தோ, ஒன்னு ரெண்டானா எத்தனை விழுக்காடு?”

டத்தோ கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நூறு லா, வேலாயுதம்!”

மலர்விழி பேனாவை மூடினார்.

“இன்னும் ஒரே ஒரு மனு. போலே?” என்றார் டத்தோ.

“போலே, டத்தோ.” முடியும் என்று தேசிய மொழியான மலாயிலேயே உறுதியளித்தேன்.

அந்த ஒற்றை மனுவைப் போட்டவர் கிள்ளானில் சேலைக்கடை வைத்திருக்கும் சந்திரகலா அம்மையார். மறுநாளே அலுவலக வண்டியில் கிளம்பினேன். ஒருமுறை கண்டுபிடித்தவர் மறுமுறையும் கண்டுபிடிப்பார் என்பது எங்கள் அடிப்படைக் கொள்கை. வேறு யாரையும் எங்களுக்குத் தெரியாது என்பது துணைக்கொள்கை.

கடையின் நடுவில் அந்த இயந்திரம் நின்றது. பழைய வாஷிங் மெஷின் மோட்டாரும், யாரோ வாங்கிவிட்டு ஓடாமல் விட்ட டிரெட்மில்லின் பட்டையும் கூடிப் பெற்ற அற்புதம். பிரித்த சேலையை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் மடித்து வந்து விழுந்தது.

“இதான் சார் ‘சந்திரகலா 3000’,” என்றார் பெருமையாக.

“ஏன் 3000?”

“ஆயிரமும் ரெண்டாயிரமும் எரிஞ்சு போச்சு.”

சேலை வாங்க வருகிறவர்கள் கடையையே பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, “தீபாவளிக்கு வரோம் அக்கா” என்று போய்விடுவார்களாம். மடித்து மடித்துத் தோள்பட்டை இறங்கிய பிறகு பிறந்த யோசனை இது. நாட்டிலுள்ள துணிக்கடைகளுக்கெல்லாம் செய்து விற்க, பண்டமாரானில் ஒரு பட்டறையையும் பிடித்துவிட்டார். இரண்டு பெண்கள் வேலைக்கும் சேர்ந்துவிட்டார்கள். காப்புரிமை ஒன்றுதான் பாக்கி.

“ரெண்டு வருஷமா உங்களுக்காகத்தான் காத்திருக்கேன். பேப்பரு கொண்டு வந்திருக்கீங்களா?”

“மேடம், மனுவைப் பாத்து முடிவு சொல்றது வேற ஆபீஸ். நாங்க எண்ணுறதோட சரி.”

“எண்ணிட்டீங்களா?”

“எண்ணிட்டோம்.”

“எத்தனை?”

“ஒன்னு.”

அவர் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார்.

“போன மாசம் ஒருத்தன் வந்தான் சார். சேலை பாக்குற மாதிரி மெஷினைச் சுத்திச் சுத்தி வீடியோ எடுத்தான். கடைசில ஒரு கைக்குட்டை வாங்கிட்டுப் போனான். அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. அந்தப் பேப்பரு சீக்கிரம் வேணும்.”

நான் நெகிழ்ந்து போனேன். உடனே காரியத்துக்கு வந்தேன்.

“ரெண்டாவதா ஏதாச்சும் கண்டுபிடிச்சிருக்கீங்களா?”

“முதலாவதுக்கே வழியக் காணோம்.”

“சரி, இது வேட்டிய மடிக்குமா?”

“மடிக்குமே. அதே மெஷின், அதே சுவிட்ச்.”

“சேலை மடிக்கும் இயந்திரம் ஒன்னு. வேட்டி மடிக்கும் இயந்திரம் இன்னொன்னு. எவ்ளோ பெரிய பாய்ச்சல்!”

“சார், காலைல பசியாறிட்டுத்தானே வந்தீங்க?”

இறுதியில் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. முதல் மனுவைச் சீக்கிரம் பார்க்கும்படி நான் மேலிடத்தில் பேச வேண்டும். வாக்குக் கொடுத்தேன். பேசவும் பேசினேன்; என்னைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

“பாத்து முடிச்சா என்ன ஆகும்?” என்று கேட்டார் டத்தோ.

“ஏத்துக்குவாங்க, இல்லேன்னா தள்ளிடுவாங்க டத்தோ.”

“தள்ளிட்டா, மனசு உடைஞ்சு அடுத்த வருஷம் மனு போட மாட்டாங்க. ஏத்துக்கிட்டா, வியாபாரத்தைப் பாக்கப் போயிடுவாங்க. அப்பவும் போட மாட்டாங்க. காத்திருக்கிறவங்கதான் லா மனு போடுவாங்க. உங்க பிரிவுல இருக்கிறதே ஒரு ஆளு. அதையும் கெடுத்துக்காதீங்க.”

இத்தகைய தொலைநோக்கை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. அத்துடன் விட்டுவிட்டேன்.

விருது எனக்கே வந்தது. விழா மேடையில் இம்முறை தூண்களை விழுக்காட்டில் வரைந்திருந்ததால் பச்சை மேடைக் கூரையைத் தொட்டது. சிவப்பு அதன் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. மலர்விழி கைதட்டினார், சத்தம் வரவில்லை. பட்டறைப் பெண்கள் இருவரையும் அழைத்து வந்திருந்த சந்திரகலா அம்மையாருக்கு ‘இரட்டைக் கண்டுபிடிப்பாளர்’ என்ற கேடயம் வழங்கப்பட்டது. நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தவர், சட்டென்று நிறுத்திக் காதைத் தீட்டினார். மேடைக்குப் பின்னாலிருந்து ‘டக், சர்ர், டக்’ என்று ஒரு சத்தம். நேரே போய்த் திரையை விலக்கினார்.

விருந்தினர்களுக்குப் பரிசளிக்கும் பாத்திக் துணிகளைப் புத்தம்புதிய இயந்திரம் ஒன்று மடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வாரியமே வாங்கியது.

“இது என்னோடது,” என்றார்.

“மேடம், இது இறக்குமதி. பெட்டியிலேயே போட்டிருக்கு.”

“இந்தக் கைப்பிடியப் பாருங்க சார். நான் செஞ்சப்ப கைப்பிடி எதுவும் கிடைக்கல. வீட்டு சாம்பார் கரண்டிய எடுத்து வெல்டிங் பண்ணேன். நாசமாப் போறவன், கரண்டியையும் சேத்து அச்சு எடுத்திருக்கான்!”

குனிந்து பார்த்தேன். உயர்தரப் பிளாஸ்டிக்கில், குழி மாறாமல், சாம்பார் கரண்டிதான்.

“கவலைப்படாதீங்க மேடம். உங்க மனு ரெண்டும் பத்திரமா இருக்கு.”

“நான் கண்டுபிடிச்சேன். அவன் செஞ்சான். நீங்க எண்ணுனீங்க.”

கேடயத்தை இயந்திரத்தின் மேலேயே வைத்துவிட்டு, அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார். விருந்துக்குக்கூட நிற்கவில்லை.

சிலர் இதைச் சோகக் கதையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது விளங்கவில்லை. அந்த இயந்திரம் இன்று கிள்ளானிலும் செலாயாங்கிலும் கடைக்குக் கடை ஓடுகிறது. இறக்குமதியை எண்ணும் இலாகாவிலும் ஒரு தூண் உயர்ந்துவிட்டதாக அங்கிருக்கும் நண்பர் அழைத்து நன்றி சொன்னார். ஒரே அம்மையாரின் மூளையிலிருந்து நாட்டுக்கு இரண்டு தூண்கள்! பண்டமாரான் பட்டறையை மட்டும் மூடிவிட்டார்கள் என்று கேள்வி. அதிகாரபூர்வமாக நான் எதுவும் சொல்வதற்கில்லை. மூடிய பட்டறைகளை எண்ண எங்களிடம் பிரிவு இல்லை.