ரூபாப்புத் தண்டுக் குழம்பு

மசக்கைக்காரிக்கு எது கிடைக்காதோ அதுதான் வேண்டும். கலியாணம் கட்டிய மறுவருடமே இதைத் தெரிந்துகொண்டேன். நாங்கள் இருந்தது இலங்கையில், நமுனுகுல மலையின் உச்சிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். வெயில் ஏறிய பிறகும் பனிமூட்டம் விலகாது. அந்தக் குளிரில் என் மனைவி மூக்காயிக்கு மாங்காய் வேண்டுமாம். கடை மாங்காய் ஆகாது. திருச்சிப் பக்கம் அவள் அம்மா வீட்டுக் கிணற்றடி மரத்து மாங்காய்தான் வேண்டும். (கப்பலேறிப் போய்ப் பறித்துவர வேண்டியதுதான்!)

"பல்லு கூசணும் மாமா. கண்ணு தானா மூடிக்கணும். அப்படி ஒரு புளிப்பு" என்பாள்.

எலுமிச்சம்பழம் கொடுத்தேன், புளி கரைத்துக் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவை நினைத்து ஏங்குகிறவள் மாங்காயின் பெயரைச் சொல்லி அழுகிறாள் என்பது புரியாத மண்டு நான்.

எனக்குத் துரை பங்களாவில் காய்கறிப் பாத்தி பார்க்கிற வேலை. துரைசாணிக்கும் இதே மாதிரி ஓர் ஏக்கம் இருந்தது. அவருடைய தாயார் சீமையிலிருந்து ஈரப் பாசியில் சுற்றி ஒரு கிழங்கு அனுப்பியிருந்தார். பெயர் ரூபாப்பு (வெள்ளைக்காரர்கள் ருபார்ப் என்பார்கள்). நட்ட வருடம் எதையும் பறிக்கவிடவில்லை. அடுத்த வருடமும் அப்படியே.

"வேர் பலம் புடிக்கணும், வீராமுட்டு" என்பார். (நான் வீரமுத்து. துரைசாணி வாயில் விழுந்து அப்படி நசுங்கிப்போனேன்.)

சாணி போட்டேன். வைக்கோல் பரப்பினேன். மழைத்தண்ணீர் தேங்காமல் கான் வெட்டினேன். பூத்தண்டு கிளம்பினால் கிள்ளி எறிந்தேன். யானைக் காது மாதிரி இலைகள் விரிந்தன. அடியில் சிவப்புத் தண்டுகள் தடித்தன. சாயந்திரமானால் துரைசாணி பாத்தி ஓரத்தில் வந்து நின்றுகொண்டிருப்பார்.

மூன்றாம் வருடம், மூக்காயி மசக்கையாக இருந்த அதே சமயம், அவருடைய பிறந்தநாள் வந்தது. "இன்னைக்கு ரூபாப் எடு. வெட்டாதே. அடியில புடிச்சு முறுக்கி இழு. சுத்தம் பண்ணி குசினிக்குக் குடு" என்று சொல்லிவிட்டு, குதிரைவண்டியில் பதுளை வேதக்கோயிலுக்குப் பூசைக்குப் போய்விட்டார்.

முறுக்கினேன், இழுத்தேன். சுத்தமும் பண்ணினேன். அங்கேதான் வந்தது வினை. நான் அறிந்த வரையில் கீரையைச் சுத்தம் பண்ணுவதென்றால் இலையை வைத்துக்கொண்டு தண்டை எறிவது. நல்ல இலைகளாகப் பார்த்துக் கழுவித் துடைத்து, கூடையில் தாமரைப்பூ மாதிரி அடுக்கிக் குசினியில் வைத்தேன். (சமையல்கார அப்புவும் ரூபாப்பைக் கண்டவனில்லை. "நல்லா அடுக்கியிருக்கே" என்று மெச்சினான்.) எறியப்போன தண்டில் ஒன்றைச் சும்மா கடித்துப் பார்த்தேன். பல் கூசியது. கண் தானாக மூடிக்கொண்டது.

அத்தனை தண்டையும் அள்ளிக்கொண்டு நாங்கள் குடியிருந்த கூலி லயத்துக்கு ஓடினேன். மூக்காயி ஒரு துண்டு கடித்தாள். மூடிய கண்ணை வெகுநேரம் திறக்கவேயில்லை.

"எங்கம்மா மரத்துக் காயி மாதிரியே இருக்கு மாமா. கொழம்பு வைக்கிறேன்" என்றாள்.

"ரெண்டு எலையும் கொண்டாந்திருக்கேன், புள்ள. பொரியல் பண்ணிக்க" என்றேன், பெரிய தர்மப்பிரபு மாதிரி.

மத்தியானம் திரும்பிவந்த துரைசாணி கூடையைப் பார்த்தார்.

"தண்டு எங்கே?"

"வீணாக்க வேணாமுன்னு வீட்டுக்குக் கொண்டு போயிட்டேங்க. பொஞ்சாதி சமைக்கிறா. ரெண்டு எலையும் குடுத்திருக்கேன்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

துரைசாணியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "இலையா?" என்றார். கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைச் சரிவில் இறங்கி ஓட ஆரம்பித்துவிட்டார். தொப்பி ஒரு செடியில் மாட்டிக்கொண்டது. அதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பின்னாலேயே ஓடினேன். ரெண்டு இலைக்கா இந்த ஓட்டம்? "மன்னிச்சிருங்க தொரைசாணி! எலையத் திருப்பிக் குடுத்திர்றேன்!" என்று கத்திக்கொண்டே போனேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வரிசையாக நிமிர்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேலை போச்சு, குடியிருக்கிற காம்பரா போச்சு, மானமும் போச்சு என்று எண்ணிக்கொண்டே ஓடினேன்.

துரைசாணி எங்கள் காம்பராவுக்குள் பாய்ந்தார். "இலை விஷம்! தின்னாதே! தின்னாதே!"

மூக்காயி அகப்பையோடு எழுந்து நின்றாள். இலைகள் மூலையில் சுளகில் கிடந்தன. "திங்கலைங்க. இன்னும் அரியவே இல்ல" என்றாள்.

துரைசாணி அப்படியே மண்தரையில் உட்கார்ந்துவிட்டார். வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு விஷத்தையா சுமந்துகொண்டு ஓடிவந்தேன்!

மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் துரைசாணி அடுப்பைக் கவனித்தார். மூன்று வருடத் தண்டு மிளகாய்த்தூளோடு கொதித்துக்கொண்டிருந்தது.

"எல்லாமா?"

"எல்லாந்தாங்க" என்றாள் மூக்காயி.

திட்டு விழும் என்று காத்து நின்றேன். விழவில்லை.

"கொஞ்சம் குடு" என்றார்.

மூக்காயி வெண்கலக் கிண்ணத்தைக் கழுவி ஊற்றிக் கொடுத்தாள். துரைசாணி ஒரு வாய் வைத்தார். முகம் சிவந்தது, இருமினார், மூக்கைத் துடைத்துக்கொண்டார். மறுபடி ஒரு வாய்.

"எங்க அம்மா இதுக்குச் சீனி போடும்" என்றார் மெதுவாக. கன்னத்தில் வழிந்தது காரத்தாலா என்று நான் கேட்கவில்லை.

"எங்கம்மா மாங்காய்க்கு வெல்லம் போடும்" என்றாள் மூக்காயி.

ஒருத்தி மொழி இன்னொருத்திக்குப் பாதிகூடத் தெரியாது. இரண்டு பேருமாக அந்தச் சட்டியைக் காலி பண்ணினார்கள். எனக்கு வழித்து நக்கக்கூட மிஞ்சவில்லை.

சில வருடங்களில் துரைசாணி சீமைக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் அந்தப் பாத்தியைக் கொத்தி ரோஜா வைத்தார். நாங்களும் மலையிறங்கிப் பதுளைச் சந்தையில் காய்கறிக் கடை போட்டோம். ஊருக்கே கீரை விற்கிறேன், ஆனால் என் வீட்டில் ஒரு கட்டுக் கீரையைத் தொட எனக்கு அனுமதியில்லை. "அப்பா கீரை ஆய்ஞ்சா குப்பைக்குத்தான் விருந்து" என்று என் மகள், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே சொன்னாள். அவர்கள் சிரித்த சிரிப்பில் சம்பந்தமே முடிவாகிவிட்டது.

பதுளையில் மாங்காய்க்குப் பஞ்சமில்லை. நல்ல புளிப்பாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போவேன். மூக்காயி வெல்லம் போட்டுக் குழம்பு வைப்பாள்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா அந்தத் தண்டு மாதிரி வருமா?" என்பாள், நமுனுகுல மலையைப் பார்த்துக்கொண்டே.