தகர டப்பாவுக்குப் பாய் முளைத்த காலை

என்னை மாதிரி ஆளிடம் யாரும் தொலைநோக்கியைக் கொடுக்கக் கூடாது. யாரும் கொடுக்கவில்லை, நானே செய்துகொண்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில் வாலிநோக்கம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞான வாத்தியார். சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். (கடலை முதன்முதலில் பார்த்தபோது வயது இருபத்து நான்கு. கடலைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேச ஆரம்பித்ததும் அதே வயதில்தான்.) சாதாரணத் தொலைநோக்கி வானத்தில் கைக்குட்டை அளவுதான் காட்டும். நான் வேட்டி அளவு காட்டத் திட்டம் போட்டேன். அப்படி அகலப்படுத்தினால் நடுவில் புள்ளியாக இருக்கும் நட்சத்திரம், ஓரத்துக்குப் போனதும் வால் முளைத்து விசிறியாக விரியும். அதைத் திருத்த, குழாயின் வாயில் ஒரு மெல்லிய கண்ணாடியைப் பக்குவமாக வளைவு தேய்த்துப் பொருத்த வேண்டும். இரண்டு வருஷம் கணக்குப் போட்டேன். காகிதத்தில் ஒரு நட்சத்திரத்துக்கும் வால் இல்லை.

கண்ணாடிக்கு மெருகேற்ற, தார் மாதிரி இருக்கும் நல்ல கீல் கிடைக்காமல், வத்தை என்கிற மீன்பிடிப் படகுக்குப் பூசுகிற கீலையே வாங்கினேன். சித்திரை வெயிலில் அது அல்வாவாக இளகி, வளைவைக் கெடுத்துவிட்டது. ஓரத்தில் வால் போகவில்லை. எனக்கு அது நன்றாகவே தெரியும். வந்தவர்களுக்கெல்லாம் நடுவை மட்டும் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஒரு நாள் காற்று சுழற்றியடித்தது. அந்த ஊர் வத்தைக்காரர் சேகு காக்காவின் தம்பி காசிமும் முனியாண்டி என்ற கூலியாளும் மீன்பிடிக்கப் போன வத்தை திரும்பவில்லை. மறுநாள் விடிந்ததும் காக்கா தேடிப் போக இன்னொரு வத்தையைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குழாய்க்குள் பார்த்தால், ஓரத்தில் வெள்ளையாக ஒரு முக்கோணம்.

“காக்கா, பாய் தெரியுது! வாராக!”

“நல்லாப் பாத்தியளா வாத்தியாரே?”

“என் கண்ணாடி பொய் சொல்லாது காக்கா!”

அவர் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதார். வத்தையை மறுபடி கரையேற்றினார்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். (இரண்டு கிளாஸ் குடித்தேன்.)

மதியம் தாண்டியும் யாரும் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. குழாயைத் திருப்பி அந்தப் பாயை நடுவுக்குக் கொண்டுவந்தேன். வர வர அது சுருங்கி, வலையில் மிதப்பாகக் கட்டின ஒரு தகர டப்பா ஆனது. வெயில் பட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.

சொன்னேன். காக்கா வத்தையைத் தள்ளினார்.

மறுநாள் காலை காசிமை மட்டும் கொண்டுவந்தார்கள். கவிழ்ந்த வத்தையைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

“முனியாண்டி?” என்று கேட்டேன்.

“நேத்துப் பொழுதடையுற வரைக்கும் எங்கூடத்தான் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தான்” என்றார் காசிம்.

அதன் பிறகு எனக்குக் கல்யாணமாகி, பேரன் பேத்தியும் வந்தாயிற்று. பஸ் வருகிறது என்று நான் சொன்னால் போதும், “நடுவுல வச்சுப் பாத்தியளா?” என்று வீடே கேட்கும். விசேஷங்களுக்கு வரும் காசிம்தான் இந்தக் கதையை எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்க வைப்பார். தகர டப்பாவோடு நிறுத்திவிடுவார். எங்கள் வீட்டில் யாருக்கும் முனியாண்டி என்ற பெயர் தெரியாது.