மேலுதட்டு விசாரணை

தல்லாகுளத்துக் கிறிஸ்தவ சபையில் ஞானசுந்தரி டீச்சர் பாடினால் கேட்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். கண்ணைத் திறந்தால் அவளுடைய மீசை தெரியும். பெரிய மீசையில்லை, பூனைமுடிதான். ஆனாலும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் தங்கள் மீசையைத் தடவிக்கொண்டே எழுந்து போயிருந்தார்கள்.

எண்பத்திரண்டாம் வருஷம் பக்கத்துத் தெருவில் அழகு நிலையம் திறந்தார்கள். ஞானசுந்தரி சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போனாள். நூல் வைத்து இழுத்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணாடியைப் பார்த்ததும் மறுபடி வந்தது. அது வேறு தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு முடிவதற்குள் சபைச் செயலாளர் இன்பசேகரன் கண்டுபிடித்துவிட்டார். அவர் கலெக்டர் ஆபீசில் சூப்பிரண்டு. கண்ணால் பார்த்ததைக்கூட கமிட்டி கூடித் தீர்மானித்தால்தான் நம்புவார். ஆகவே ‘மேற்படி மேலுதடு தொடர்பாக’ அவசர விசாரணை கூடியது.

“ஆண்டவர் முளைக்க வச்சதை அப்புறப்படுத்த யாரும்மா உனக்கு அதிகாரம் குடுத்தது?”

“அசிங்கமா இருந்துச்சு சார்.”

“தலைமுடி அம்புட்டையும் அவரு எண்ணி வச்சிருக்காருன்னு வேதத்துலயே இருக்கு. எண்ணிக்கை குறைஞ்சா யாரு பதில் சொல்றது?”

“தலையில உள்ளதத்தானே சார் எண்ணினாரு? இது உதட்டுல உள்ளது.”

போதகர் கிருபாகரன் ஐயா தும்முவதுபோல் சிரிப்பை மறைத்தார்.

முளைத்ததை அகற்றுவது படைப்பில் குறுக்கீடு என்றும், மீசை பழைய நிலைக்குத் திரும்பும்வரை டீச்சர் பாடக்கூடாது என்றும் தீர்மானமாயிற்று. ஞானசுந்தரிக்கென்று இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான்.

“சரி சார். ஒரே ஒரு சந்தேகம். நீங்க எல்லாரும் காலையில ஷேவ் பண்ணிட்டா வந்தீங்க?”

கமிட்டி மொத்தமும் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

போட்ட உத்தரவை வாபஸ் வாங்கும் பழக்கம் இன்பசேகரனுக்கு இல்லை. உத்தரவு ஆண்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒரே மாதத்தில் சபை முழுக்கத் தாடி. அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பதாக நினைத்து ஆபீசில் எல்லாரும் ‘சாமி’ என்றார்கள். திருமங்கலம் பஸ்சில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

“உக்காருங்க சாமி. உங்க குருசாமி யாரு?”

“கிருபாகரன் ஐயா” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார் இன்பசேகரன்.

மறுநாளே கமிட்டி கூடியது. எடுப்பது பாவமில்லை, சேர்ப்பதுதான் பாவம் என்று திருத்தம் வந்தது. டீச்சர் மீதிருந்த தடை மட்டும் தனித் தீர்மானம் என்பதால் அப்படியே நின்றது. தாடி போயிற்று, கூடவே பவுடரும் தலைச்சாயமும் போயின. அடுத்த மாதத்துக்குள் கமிட்டியில் கருப்பு முடியே இல்லை. இன்பசேகரனின் மனைவி அவரோடு கடைக்குப் போக மறுத்துவிட்டாள்.

“என்னங்க, அந்தக் கடைக்காரன் உங்கள எங்கப்பாவான்னு கேக்குறான்!”

மூன்றாம் முறை கூடியபோது கமிட்டிக்குத் தெளிவு பிறந்திருந்தது. ஆண்கள் எடுப்பதும் பூசுவதும் சுத்தம். பெண்கள் செய்வது அலங்காரம். எனினும் பெண்களின் அவசியத்தைப் பரிசீலித்து அனுமதி வழங்க, அனுபவமுள்ள பெண் உறுப்பினர் ஒருவர் நியமிக்கப்படுவார். அனுபவமுள்ளவர் சபையில் ஒருத்திதான் இருந்தாள்.

ஞானசுந்தரி மறுபடி பாடினாள். ஆராதனை முடிந்ததும் செயலாளருக்குப் பக்கத்து நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்தாள். நாற்காலிக்குக் கை இருந்தது; அதில் முழங்கையை ஊன்றியபோது சுகமாக இருந்தது.

முதலில் வந்தவள் எமிலி என்ற புது டீச்சர். அவளுடைய இரண்டு புருவங்களும் நடுவில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

“அக்கா, கிளாஸ்ல பிள்ளைங்க கேலி பண்ணுதுங்க. இத மட்டும் கொஞ்சம் எடுத்துக்கிடவா? உங்களுக்குத் தெரியாததா?”

ஞானசுந்தரி நாற்காலிக் கையில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“மேலுதடுன்னா அவசியம். புருவம் ஆடம்பரம்மா. வேணும்னா முன்முடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்க. அடுத்த ஆளை வரச்சொல்லு.”